மேல்விலாசம் (திரைப்படம்)

மேல்விலாசம் 2011 ஆம் ஆண்டில் வெளிவந்த மலையாளத் திரைப்படமாகும். மாதவ் ராமதாசன் இயக்கிய முதல் திரைப்படம் இதுவே. சுரேஷ் கோபி, பார்த்திபன் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்துள்ளனர். இந்தி எழுத்தாளர் சுவதேஷ் தீபக் எழுதிய "கோர்ட் மார்ஷல்" என்னும் நாடகத்தைத் தழுவி, திருவனந்தபுரத்தைச் சேர்ந்த நாடகக் கலைஞர் சூர்யா கிருஷ்ணமூர்த்தி இதன் திரைக்கதையை எழுதினார். மேலதிகாரி ஒருவரைச் சுட்டுக் கொன்ற படைவீரர் மீது இராணுவ நீதிமன்றத்தில் நடக்கும் விசாரணையே படத்தின் கதை. ஏறத்தாழப் படம் முழுவதும் ஒரே அறைக்குள் நிகழ்கிறது. கதை நிகழும் நேரமும் திரையில் படம் ஓடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே.

மலையாளத்தில் "மேல்விலாசம்" என்பது முகவரியைக் குறிக்கும். தமிழில் வழங்கும் "விலாசம்" என்னும் சொல்லுடன் இதனை ஒப்பிடலாம்.

விவரங்கள்

இயக்கம்: மாதவ் ராமதாசன்
மூலக்கதை: சுவதேஷ் தீபக் (நாடகம்)
திரைக்கதை: சூர்யா கிருஷ்ணமூர்த்தி
மொழி: மலையாளம்
வெளியீடு: 2011

நடிகர்கள்

பார்த்திபன் - சவார் ராமச்சந்திரன், குற்றம் சாட்டப்பட்டவர்
சுரேஷ் கோபி - கேப்டன் விகாஸ் ராய், எதிர்த்தரப்புக்காக வாதிடும் அதிகாரி
தலைவாசல் விஜய் - கர்னல் சூரத் சிங், இராணுவ நீதிமன்றத்தின் தலைவர்
கிருஷ்ணகுமார் - கேப்டன் பி. டி. கபூர்
மற்றும் அசோகன், நிழல்கள் ரவி முதலியோர்

"சவார்" என்பது குதிரைப்படை மரபில் வந்த படைப்பிரிவுகளில் சாதாரணப் படைவீரரைக் குறிக்கும் சொல். நடிகர்களில் பார்த்திபன், தலைவாசல் விஜய், நிழல்கள் ரவி ஆகிய மூவரும் தமிழ் ரசிகர்களுக்கு நன்கு அறிமுகமானவர்கள்.

கதைச்சுருக்கம்

எச்சரிக்கை: கதையின் முக்கியத் திருப்பம் இப்பகுதியில் வெளிப்படுத்தப்படுகிறது.

சவார் ராமச்சந்திரன் ஓர் அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். மற்றோர் அதிகாரியான கேப்டன் கபூரைக் கொல்ல முயன்றார். இவையே அவர் மீதுள்ள குற்றச்சாட்டுகள். குற்றத்தை அவர் மறுக்கவில்லை. ஏன் செய்தார் என்பதையும் சொல்லவில்லை. சாட்சிகள் தெளிவாக இருப்பதால் வழக்கு விரைவில் முடிந்துவிடும் என்ற எதிர்பார்ப்புடன் விசாரணை தொடங்குகிறது.

விகாஸ் ராய், தம் கட்சிக்காரர் சுடவில்லை என்று வாதிடுவதில்லை. சுடுவதற்கு என்ன காரணம் என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு சாட்சியிடமும் வெவ்வேறு வடிவில் எழுப்புகிறார். ராமச்சந்திரன் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் என்பதும், அதன் பொருட்டு மேலதிகாரிகளால் தொடர்ந்து இழிவுபடுத்தப்பட்டவர் என்பதும் சிறிது சிறிதாகத் தெரியவருகின்றன. இறுதியில் கபூரின் சாதிச்செருக்கு அவர் வாயாலேயே அவையில் வெளிப்படுகிறது.

மூல நாடகம்

சுவதேஷ் தீபக் அரியானாவிலுள்ள அம்பாலாவில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியவர். அவ்வூர் ஒரு பெரிய படைத்தளம். "கோர்ட் மார்ஷல்" 1991 இல் வெளிவந்தது. கொல்கத்தாவில் உஷா கங்குலியும் தில்லியில் அரவிந்த் கவுரும் இதனை மேடையேற்றினர். அரவிந்த் கவுரின் "அஸ்மிதா" குழு மட்டுமே நூற்றுக்கணக்கான முறை நடித்துள்ளது. மலையாளத்தில் சூர்யா கிருஷ்ணமூர்த்தி இதனை "மேல்விலாசம்" என்ற பெயரில் மேடைக்குக் கொண்டுவந்தார். திரைப்படம் அம்மேடை வடிவத்திலிருந்து உருவானது.

மனநோயால் நெடுங்காலம் துன்புற்ற தீபக், அவ்வனுபவத்தைத் தன்வரலாற்று நூலாகவும் எழுதியுள்ளார். 2004 ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2006 இல் வீட்டிலிருந்து நடைப்பயிற்சிக்குச் சென்ற அவர் திரும்பி வரவில்லை. எனவே தம் நாடகம் திரைப்படமானதை அவர் கண்டிருக்க வாய்ப்பில்லை என்றே கருதப்படுகிறது.

பார்வையாளர் கருத்துகள்

வணிக அளவில் பெரிய வெற்றி பெறாவிட்டாலும் இப்படம் நல்ல மதிப்புரைகளைப் பெற்றது. 2011 ஆம் ஆண்டு கோவாவில் நடந்த இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவின் இந்தியப் பனோரமா பிரிவிலும் இடம்பெற்றது. படத்தைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் பின்வரும் கேள்விகளைச் சுற்றியே அமைகின்றன.

ஒரே அறை: காட்சி மாற்றமோ வெளிப்புறப் படப்பிடிப்போ இன்றி நகர்வதால், இது படமாக்கப்பட்ட நாடகமே என்பது ஒரு சாராரின் கருத்து. அந்த அடைப்பே படத்தின் வலிமை என்பது மறுசாராரின் கருத்து. குற்றம் நடந்த இடம் காட்டப்படாததால், பார்வையாளரும் நீதிமன்ற உறுப்பினர்களைப் போலச் சாட்சிகளின் சொல்லை மட்டும் கொண்டே முடிவு செய்யவேண்டியுள்ளது. சிட்னி லூமெட்டின் "12 ஆங்ரி மென்" (1957) இவ்வகைக்கு முன்னோடியாகச் சுட்டப்படும் அமெரிக்கத் திரைப்படம்.

நடிப்பு: வசனத்தால் பெயர் பெற்ற பார்த்திபனுக்கு இதில் மிகக் குறைவான வசனமே உண்டு. படத்தின் பெரும்பகுதியில் அவர் பேசாமல் நிற்கிறார். "கமிஷனர்" (1994) போன்ற படங்களில் உரத்த வசனங்களுக்காக அறியப்பட்ட சுரேஷ் கோபி அடங்கிய குரலில் வாதிடுகிறார். இவ்விரு மாற்றங்களும் பொதுவாகப் பாராட்டப்பட்டன. தமிழ்த் திரைப்படங்களில் நீதிமன்றக் காட்சி என்றதும் "பராசக்தி" (1952), "விதி" (1984) ஆகியவற்றின் நீண்ட வசனங்களே நினைவுக்கு வரும். அம்மரபில் குற்றம் சாட்டப்பட்டவரோ பாதிக்கப்பட்டவரோ தாமே பேசி அவையை வெல்வார். இங்கு அவர் மௌனமாக இருக்க, மற்றவர்களின் பேச்சே உண்மையைக் கொண்டுவருகிறது.

இராணுவமும் சாதியும்: சீருடை எல்லாரையும் சமமாக்குகிறது என்ற பொது நம்பிக்கையைப் படம் கேள்விக்குள்ளாக்குகிறது. ஒரு தனி அதிகாரியின் குற்றத்தை அமைப்பின் குற்றமாகக் காட்டலாமா என்பது இதற்கு எதிரான வாதம். படத்தில் நீதிமன்றத் தலைவரும், வாதிடும் அதிகாரியும், உண்மையை வெளிக்கொணரும் விசாரணையும் இராணுவத்தைச் சேர்ந்தவையே என்பது அதற்குரிய மறுமொழி.

காரணமும் குற்றமும்: விசாரணையின் முடிவில் பார்வையாளரின் பரிவு முழுவதும் ராமச்சந்திரனிடம் செல்கிறது. ஆயினும் கொலை நடந்தது என்ற உண்மை மாறுவதில்லை. பரிவு தீர்ப்பாகுமா என்பதே பெரிதும் விவாதிக்கப்படும் கேள்வி. இதற்கு விடைகாண நடைமுறைச் சட்டத்தை அறிவது உதவும்.

சட்டப் பின்னணி

இந்தியாவில் தரைப்படையினர் மீதான இராணுவ விசாரணைகள் 1950 ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்தின்படி நடைபெறுகின்றன. இச்சட்டம் நான்கு வகை இராணுவ நீதிமன்றங்களைக் குறிப்பிடுகிறது: பொது, மாவட்ட, சுருக்கப் பொது, சுருக்க இராணுவ நீதிமன்றங்கள்.

பொது இராணுவ நீதிமன்றத்தில் குறைந்தது 5 அதிகாரிகள் உறுப்பினராக இருக்கவேண்டும். சட்ட ஆலோசனை கூறும் அதிகாரி ஒருவரும் உடனிருப்பார்.
முடிவுகள் பெரும்பான்மையால் எடுக்கப்படும். பொது இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதிக்க மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் இசைவு தேவை.
உரிய மேலதிகாரம் உறுதி செய்யும் வரை தீர்ப்பும் தண்டனையும் செல்லுபடியாகா.
மரண தண்டனைக்குரிய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் அதனை ஏற்கக்கூடாது. மறுத்ததாகவே பதிந்து விசாரணையைத் தொடரவேண்டும் என 1954 ஆம் ஆண்டின் இராணுவ விதிகள் கூறுகின்றன.

இறுதியாகக் கூறிய விதி இப்படத்தைப் புரிந்துகொள்ள மிகவும் இன்றியமையாதது. "ஒப்புக்கொண்டவரை ஏன் விசாரிக்க வேண்டும்?" என்று பார்வையாளருக்கு எழும் ஐயத்திற்கு இவ்விதியே விடை. உயிர் போகும் வழக்கில் ஒருவரின் ஒப்புதல் மட்டும் போதாது என்று சட்டம் கருதுவதால்தான், பேச மறுப்பவரின் கதையும் அவையில் பதிவாக வழி பிறக்கிறது.

கொலையை மரணம் விளைவிக்கும் குற்றமாகக் குறைக்கும் விதிவிலக்குகளுள் ஒன்று "கடுமையான, திடீர்த் தூண்டுதல்". இந்திய தண்டனைச் சட்டத்தின் 300 ஆவது பிரிவில் இருந்த இது, 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 101 ஆவது பிரிவில் இடம்பெறுகிறது. கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் 1961 இல் உச்ச நீதிமன்றம் இதனை விரிவாக ஆராய்ந்தது. முன்பு நடந்தவற்றையும் கருத்தில் கொள்ளலாம், ஆனால் சினம் தணிவதற்குக் காலம் கிடைத்த பின் செய்த கொலைக்கு இவ்விலக்கு பொருந்தாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அவமானம் "திடீர்த்" தூண்டுதலாகுமா என்பது எளிதில் விடை காண முடியாத கேள்வி.

இராணுவச் சட்டத்தின் 47 ஆவது பிரிவு, தமக்குக் கீழுள்ளவரைத் தாக்கும் அல்லது கொடுமைப்படுத்தும் அதிகாரிக்கு 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. மேலதிகாரியால் தீங்குற்ற படைவீரர் முறையிடுவதற்கு 26 ஆவது பிரிவு வழிசெய்கிறது. அவ்வாறாயின், ராமச்சந்திரனைப் போன்ற ஒருவருக்குச் சட்டத்தில் வழி இருந்தது. அந்த முறையீடு செல்லவேண்டிய பாதையோ அவரை இழிவுபடுத்தும் அதிகாரிகளின் வழியாகவே செல்கிறது. படம் எழுப்பும் கேள்வியின் வேர் இங்குதான் உள்ளது: துப்பாக்கியை எடுக்கும் முன் அவர் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும்?

இராணுவ நீதிமன்றத் தீர்ப்புகள் மீது மேல்முறையீட்டுக்கு வழியில்லாத நிலையை உச்ச நீதிமன்றம் 1982 இல் பிரித்தி பால் சிங் பேடி வழக்கில் குறையாகச் சுட்டியது. பின்னர் 2007 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2009 இல் செயல்படத் தொடங்கியது. இதன் வட்டார அமர்வுகளுள் ஒன்று சென்னையில் உள்ளது. மூல நாடகம் எழுதப்பட்ட காலத்தில் இவ்வாய்ப்பு இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பிற படங்களுடன் ஒப்பீடு

"எ ஃபியூ குட் மென்" (1992): ஆரன் சோர்க்கினின் நாடகத்தைத் தழுவி ராப் ரைனர் இயக்கிய அமெரிக்கப் படம். குவாண்டனாமோ தளத்தில் சக வீரர் ஒருவரின் இறப்புக்குக் காரணமான இரு வீரர்கள் விசாரிக்கப்படுகின்றனர். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர் குற்றவாளியா என்பது மையக் கேள்வி. நான்கு ஆஸ்கார் பரிந்துரைகளைப் பெற்றது. விருது எதுவும் பெறவில்லை.

"சௌர்யா" (2008): சமர் கான் இயக்கிய இந்திப் படம். காசுமீரில் தம் மேலதிகாரியைச் சுட்டுக் கொன்ற முசுலிம் அதிகாரி ஒருவரின் வழக்கைப் பற்றியது. ராகுல் போஸ், கே கே மேனன், ஜாவேத் ஜாஃப்ரி, தீபக் தோப்ரியால் ஆகியோர் நடித்தனர். முற்கூறிய அமெரிக்கப் படத்துடன் உள்ள ஒற்றுமை பலராலும் சுட்டப்பட்டது.

இம்மூன்று படங்களிலும் உயர் அதிகாரி ஒருவரைச் சினமூட்டி உண்மையைச் சொல்ல வைப்பதே உச்சக்காட்சி. நடைமுறையில் இத்தகைய ஒப்புதல் அரிது. முதல் படத்தில் கட்டளையும், இரண்டாவதில் மதமும், மேல்விலாசத்தில் சாதியும் அந்த உச்சக்காட்சியின் பொருளாகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

இராணுவ நீதிமன்றம்
ஆயுதப்படைத் தீர்ப்பாயம்
நானாவதி வழக்கு
சுவதேஷ் தீபக்

பகுப்புகள்: 2011 திரைப்படங்கள் | மலையாளத் திரைப்படங்கள் | நாடகங்களைத் தழுவிய திரைப்படங்கள் | பார்த்திபன் நடித்த திரைப்படங்கள்