இலவசக் கல்வியும் விடுதிச் சோறும்
மலையகப் பிள்ளைகளின் உயர்கல்வி உதவி: ஒரு வரலாற்று நோக்கு

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் தேயிலை மலைகளின் நடுவே இருக்கிறது றொசல்ல என்னும் சிறிய ரயில் நிலையம். ஹட்டன் வரையிலான பாதை 1884ல் திறக்கப்பட்டது. தோட்டங்களின் விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதும், தோட்டங்களுக்கு வேண்டிய அரிசியையும் ஆட்களையும் ஏற்றுவதுமே அதன் வேலை. அதே பாதையில் கீழிறங்கினால் நாவலப்பிட்டி, கம்பளை கடந்து பேராதனை வந்துவிடும். 1952ல் இலங்கைப் பல்கலைக்கழகம் அங்கேதான் இடம்பெயர்ந்தது. காலையில் றொசல்லயில் ரயிலேறும் ஒருவர் பகல் சாப்பாட்டுக்குள் பல்கலைக்கழக வாசலில் நிற்கலாம்.

ஆனால், லயத்துப் பிள்ளையொன்று அந்த வாசலைச் சென்றடைய எத்தனை தலைமுறை பிடித்தது? சென்றடைந்த பின்னும் அங்கே நிலைத்துப் படிக்க யார் கைகொடுத்தார்கள்? இக்கேள்விகளுக்கு விடை தேடும்போது, இலங்கையின் கல்வி உதவி வரலாறே நம் முன் விரிகிறது. அதில் நம் சமூகத்துக்கும் ஒரு பங்குண்டு.

கல்விக்கு உதவுதல் என்றதும் இன்று நாம் கட்டணத்தையே நினைக்கிறோம். நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. பக்தாதில் 1067ல் திறக்கப்பட்ட நிழாமிய்யா கலாசாலை தன் வக்பு வருமானத்திலிருந்து மாணவருக்குத் தங்குமிடமும் படியும் வழங்கியது. கெய்ரோவின் அல் அஸ்ஹரில் 'ரிவாக்' எனப்பட்ட பகுதிகள் இருந்தன. ஒவ்வொரு தேசத்து மாணவருக்கும் ஒரு ரிவாக். அங்கு அவர்களுக்கு ரொட்டிப் பங்கு அளந்து கொடுக்கப்பட்டது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்துக்கு ஓதச் சென்ற இலங்கைப் பிள்ளைகள் பலரும் மத்ரஸாவின் சோற்றையும் பாயையும் நம்பியே கடல் கடந்தார்கள். பாடம் சொல்லிக்கொடுக்க உஸ்தாத் இருந்தால் மட்டும் போதாது, ஓதுகிறவனுக்கு உண்ணவும் உறங்கவும் இடம் வேண்டும் என்பதை அந்த ஏற்பாடுகள் அறிந்திருந்தன.

இந்த நோக்கில் 1945ஆம் ஆண்டு மிக முக்கியமானது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட கல்விக் குழு 1943ல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஸாஹிராக் கல்லூரி அதிபராக விளங்கிய மர்ஹூம் ரி. பி. ஜாயா அவர்களும் அக்குழுவில் ஓர் அங்கத்தவர். பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வி என்னும் கொள்கை 1945 ஒக்டோபர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது.

அதே ஆண்டு மே மாதத்தில், அதாவது இலவசக் கல்வி நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே, மர்ஹூம் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடக்கிவைத்தார். இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவர். உலக யுத்த காலத்தில் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றியபோது, கிழக்கிலங்கை முஸ்லிம் பிள்ளைகளின் கல்வி வறுமையை நேரில் கண்டவர். அங்கே அவர் முன்னின்று உருவாக்கிய கல்விச் சங்கத்தின் அனுபவமே பின்னர் நாடளாவிய நிதியமாக வளர்ந்தது.

கட்டணமே இல்லாமற் போகப்போகும் வேளையில் புலமைப்பரிசில் நிதியம் எதற்கு என்ற கேள்வி எழலாம். கல்முனையிலிருந்தோ மூதூரிலிருந்தோ கொழும்புக்குப் படிக்க வரும் பிள்ளைக்குக் கட்டணம் செலவின் ஒரு பகுதி மட்டுமே. விடுதி, சாப்பாடு, புத்தகம், உடுப்பு, ரயில் டிக்கட் ஆகியவை கட்டணம் ஒழிந்த பின்னும் ஒழியாதவை. அரசு ஒன்றைக் கொடுத்தது; மற்றதைச் சமூகம் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால்தான் அதன் பின் வந்த எல்லா உதவித் திட்டங்களும் நமக்கு விளங்கும்.

இனி, றொசல்லயின் மலைப்பக்கம் திரும்புவோம். அங்கே 1945ன் அந்த முதற் பங்குகூட வந்து சேரவில்லை. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடமே விட்டது. ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்கு ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் இருந்தால் கடமை தீர்ந்தது. பத்து வயதானால் பிள்ளையின் பெயர் பெரட்டில் ஏறிவிடும். கொழுந்தெடுக்கும் கைகளைப் பள்ளிக்கு விடுவதில் துரைமாருக்கு இலாபம் எதுவும் இருக்கவில்லை. ஹட்டன் தொகுதியிலிருந்து 1936ல் அரசாங்க சபைக்குத் தெரிவான கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரின் உரிமைகளை அச்சபையில் இடைவிடாது எழுப்பினார். எனினும் இலவசக் கல்வியின் பயன் கிராமத்துப் பள்ளிகளுக்கும் நகரத்துப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்ததே தவிர, தோட்டப் பள்ளி தோட்டத்தின் கையிலேயே தங்கிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை இன்னும் இறுகியது. 1948ன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ன் சட்டத்தின் பெயரே 'இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம்' என்பதாகும். தோட்டத் தொழிலாளர் மட்டுமன்றி, மலையக நகரங்களில் கடை வைத்திருந்த தென்னிந்திய முஸ்லிம் வர்த்தகர்களும் அச்சட்டத்தின் கீழ்தான் மனுப் போட்டுக் காத்திருந்தார்கள். லயமும் கடைத்தெருவும் ஒரே வரிசையில் நின்ற காலம் அது.

இந்தச் சூழலில்தான் 1940களின் பிற்பகுதியில் தோன்றிய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியத்தின் அருமை தெரிகிறது. இந்தியத் தூதரகத்தின் அனுசரணையுடன் இயங்கும் அந்நிதியம், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உயர்தர வகுப்பிலும் பல்கலைக்கழகத்திலும் உதவுதொகை வழங்கி வருகிறது. இதுவும் கட்டணத்துக்கான உதவியன்று. சோற்றுக்கும் புத்தகத்துக்குமான உதவி. அஸீஸ் அவர்களின் நிதியத்தையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஒரே காலத்தில் இரு சிறுபான்மைச் சமூகங்களுக்காக, ஒரே தேவையை முன்னிட்டு, இரு நிதியங்கள் எழுந்திருக்கின்றன. ஆனால் ஒன்றின் வாசல் முஸ்லிம் பிள்ளைக்கு. மற்றதன் வாசல் தோட்டப் பிள்ளைக்கு. ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் இரு பிள்ளைகள் வெவ்வேறு வாசல்களைத் தட்ட வேண்டியிருக்கிறது.

1960, 61ல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் விடுபட்டுப் போயின. 1970களில் தோட்டங்கள் தேசியமயமான பின்னரே அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. அதாவது, நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கு 1945ல் வந்த இலவசக் கல்வி, தோட்டப் பிள்ளைக்கு ஒரு முழுத் தலைமுறை பிந்தியே வந்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடனின் சீடா நிறுவனம் கட்டடங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் உதவியது. கொட்டகலைக்கருகில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜெர்மன் உதவியுடன் எழுந்தது. ஆசிரியத் தொழிலை நாடும் மலையக இளைஞருக்கு அது பெரியதொரு திறப்பாக அமைந்தது.

பல்கலைக்கழக மாணவருக்கான அரச உதவியில் திருப்புமுனை 1981ல் வந்தது. அன்றைய வர்த்தக, கப்பற்றுறை அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால், அவ்வாண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் நிறுவப்பட்டது. அதன் தருமகர்த்தா சபைக்குப் பிரதம நீதியரசரே தலைவர். மகாபொல வர்த்தகக் கண்காட்சிகளின் வருமானமும், அபிவிருத்தி லொத்தர் சபையின் வருமானமும் அதற்கு ஊற்று. உயர்தரப் பரீட்சையில் முன்னணியில் நிற்போருக்குத் திறமை அடிப்படையிலும், ஏனையோருக்குக் குடும்ப வருமானத்தைக் கருத்திற் கொண்டும் அது வழங்கப்படுகிறது. மகாபொல கிடைக்காதவரில் வசதி குறைந்தவருக்கு 'பர்சரி' எனும் உதவுதொகை உண்டு. ஒருவருக்கு இரண்டில் ஒன்றே கிடைக்கும்.

லொத்தர் வருமானம் என்றதும் நம் வாசகரிற் சிலருக்கு மனம் நெருடும். அது நியாயமான நெருடலே. அதற்குரிய மார்க்கத் தீர்ப்பு உலமாக்களின் பொறுப்பு. வரலாற்றைப் பார்க்கிறவன் சொல்லக்கூடியது ஒன்றுண்டு: தன் பிள்ளைகள் எந்தப் பணத்தில் படிக்க வேண்டும் என்பதில் ஒரு சமூகத்துக்குக் கருத்து இருக்குமானால், அந்தப் பணத்தைத் திரட்டும் வேலையும் அச்சமூகத்துக்கு உண்டு. அஸீஸ் அவர்களின் தலைமுறை அவ்வேலையைச் செய்துகாட்டியது.

இந்த உதவிகளின் பெறுமதி என்ன? தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தைக் கொண்டு அளந்து பார்க்கலாம். 2021ல் அச்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அப்போது மகாபொல மாதம் 5,000 ரூபா அளவில் இருந்தது. அதாவது ஐந்து நாட் சம்பளம். பின்னர் 2022ன் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மாவும் பஸ் கட்டணமும் எங்கோ ஏறிப்போயின. 2024ல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. 2025 வரவு செலவுத் திட்டம் மகாபொலவை 7,500 ரூபாவாக உயர்த்தியது. கணக்குப் பார்த்தால் ஐந்தரை நாட் சம்பளம். தொகை கூடியது, அளவுகோல் அதிகம் நகரவில்லை. மாதம் முழுவதும் ஒரு பிள்ளை வெளியூரில் உண்டு உறங்க ஐந்தரை நாட்கூலி போதுமா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா மாவட்டம் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களில் ஒன்றாகக் கணிக்கப்பட்டு வந்திருக்கிறது. அதனால் மாவட்டக் கோட்டாவுக்கு மேலாகவும் ஒரு சிறு சலுகை அம்மாவட்டத்துக்கு உண்டு. அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவருக்காக 2017ல் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட அரசுசாரா நிறுவனங்களில் பட்டப்படிப்புக்குக் கடன் பெறலாம். வாழ்க்கைச் செலவுக்கும் தனியாக ஒரு தொகை உண்டு. மாணவர் முதலை மட்டுமே திருப்பிச் செலுத்த வேண்டும். இந்திய அரசு வழங்கும் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலும், மௌலானா ஆஸாத் பெயரிலான புலமைப்பரிசிலும் இந்தியப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்வோருக்குரியவை. ஆக, வழிகள் இல்லாமல் இல்லை.

பின் எங்கே இடறுகிறது? இரண்டு இடங்களில்.

முதலாவது, கடுதாசி. ஒவ்வோர் உதவிக்கும் விண்ணப்பம் உண்டு, முடிவுத் திகதி உண்டு, வருமானத்துக்கான அத்தாட்சி உண்டு. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பெயர் ஒரு விதம், பாடசாலைப் பதிவில் வேறு விதம் என்றால் அதைத் திருத்தவே மாதங்கள் போகும். லயத்துக்குத் தனி விலாசம் இல்லாத நிலையில், கடிதங்கள் நெடுங்காலமாகத் தோட்டக் கந்தோர் வழியாகவே வந்து சேர்ந்தன. கந்தோரில் ஒரு கிழமை கிடந்த கடிதம் ஒரு பிள்ளையின் ஓராண்டைத் தின்றுவிடக் கூடும். 2003ன் சட்டத்தோடு நாடற்றோர் என்ற நிலை தீர்ந்தது. ஆனால் பத்திரங்களின் குழப்பம் சட்டத்தோடு தீர்ந்துவிடவில்லை.

இரண்டாவது, காலம். செலவு முதல் நாளே வந்துவிடுகிறது. பெட்டி, பாய், அறைக்கான முற்பணம், முதல் மாதச் சாப்பாடு, பதிவுக்கான போக்குவரத்து எல்லாம் அன்றே வேண்டும். மகாபொலவோ பர்சரியோ பட்டியல் தயாராகி, வங்கிக் கணக்குச் சரிபார்க்கப்பட்டு, சில மாதங்கள் கழித்தே கைக்கு வரும். அந்த இடைவெளியில் தாயின் தோடு அடகுக்குப் போகிறது. அல்லது பிள்ளை கொழும்பில் ஏதாவதொரு கடையில் வேலைக்கு நிற்கிறது. நின்ற பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வருவதில்லை.

ஒரு சிறிய நிதியம் நிற்க வேண்டிய இடம் இதுவே என்று தோன்றுகிறது. நான்கு வருடச் செலவையும் சுமக்க ஓர் ஊர் ஜமாஅத்தினால் முடியாது. ஆனால் முதல் நான்கு மாதத்தைச் சுமக்க முடியும். அரச உதவி வந்த பின் அதை கர்ழன் ஹஸனாவாகத் திரும்பப் பெற்று அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கவும் முடியும். ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி போன்ற நகரங்களின் பள்ளிவாசல்களை ஒட்டி, வாரத்தில் ஒரு மாலை விண்ணப்பம் நிரப்ப உதவும் இருவர் அமர்ந்தாலே பாதிக் குறை தீரும். அதற்கு நிதிகூடத் தேவையில்லை.

அந்த மேசைக்கு லயத்துப் பிள்ளையும் வரலாமா என்றொரு கேள்வி எழும். ஸகாத்துக்குரிய பங்கீட்டு விதிகள் வேறு. ஸதக்காவின் வாசல் அகன்றது. தோட்டத்தின் சம்பள நாளை நம்பியே நம் கடைகள் நூறாண்டுக்கு மேலாக அந்நகரங்களில் நடந்து வந்திருக்கின்றன. கடன் கொப்பியில் தந்தையின் பெயரை எழுதிய கை, மகளின் விண்ணப்பத்தையும் எழுதிக்கொடுப்பதில் புதுமை ஏதுமில்லை.

1945 நமக்கு இரண்டு பாடங்களைத் தந்தது. கட்டணத்தை அரசினால் ஒழிக்க முடியும் என்பது ஒன்று. அதன் பின்னும் பிள்ளைக்குப் பசிக்கும் என்பது மற்றொன்று. முதலாவதை நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். இரண்டாவதை ரிவாக்கில் ரொட்டி அளந்து கொடுத்தவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள்.