பிஃபஞ்ச்: ஒரு பகாப்பதம் பகுபதமான கதை

1993-இல் கிறிஸ் பிரெஸ்ஸி ஒரு கணினி மொழியை உருவாக்கினார். பெயர் பிஃபஞ்ச். ஆங்கில அகராதியைப் புரட்டிப் பயனில்லை. லத்தீன் வேர் தேடிக் கிளம்புகிறவர்களும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். பிரெஸ்ஸி சொல்லும் பிறப்புக் கதை வேறு. தொலைபேசிக் கம்பி வழியே கணினிகள் பேசிக்கொண்ட பிபிஎஸ் காலம் அது. கூட்டு அரட்டை ஒன்றில், விடியற்காலை நான்கு மணிக்கு, ஒருவர் 'பிஃபோர்' என்று தட்டப் போய் 'பிஃபஞ்ச்' என்று தட்டிவிட்டார்.

பக்கத்து விசையில் விரல் பட்டால் ஓர் எழுத்து மாறும், அவ்வளவுதான். இது அந்த வகைப் பிழை இல்லை. 'பி', 'ஈ', 'எஃப்' என்ற முதல் மூன்றும் கடைசி 'ஈ'யும் தப்பின. நடுவிலிருந்த 'ஓ', 'ஆர்' இரண்டும் போய் 'யூ', 'என்', 'ஜி' மூன்றும் வந்து உட்கார்ந்துகொண்டன. ஆறெழுத்துச் சொல் ஏழெழுத்தானது. தூக்கக் கலக்கத்துக்கு எந்தப் புணர்ச்சி விதியைக் காட்டுவது?

மொழியும் லேசுப்பட்டதல்ல. நிரலை முன்கூட்டியே எந்திர மொழிக்கு மாற்றிவைக்கும் கம்பைலரை எழுதுகிறவரை எவ்வளவு திணறடிக்க முடியும் என்று பார்ப்பதே பிரெஸ்ஸியின் நோக்கம். 80 பத்தி, 25 வரி கொண்ட கட்டத்தில் குறிகளைப் பரப்பிவைப்பதுதான் நிரல். வார இதழ்களில் வரும் 'வழி கண்டுபிடி' புதிரைப்போல, அம்புக்குறி காட்டும் பக்கமெல்லாம் ஓட்டம் திரும்பும். வலப்பக்க விளிம்பைத் தாண்டினால் இடப்பக்கத்தில் முளைக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரல் தன் கட்டத்தில் இருக்கும் குறியை அழித்து வேறு குறி எழுதிக்கொள்ளலாம். இப்படிப்பட்டதை முன்கூட்டியே மொழிபெயர்த்து வைப்பது பெரும்பாடு. பிற்பாடு சிலர் கம்பைலரும் எழுதினார்கள் என்றாலும், இதற்கு இயல்பான துணை, குறிகளை ஒவ்வொன்றாகப் படித்து அப்போதைக்கப்போதே செயல்படுத்தும் இன்டர்பிரெட்டர்தான்.

ஒரு சின்ன நிரலை அதனிடம் கொடுத்துப் பார்க்கலாம்:

67*.@

இன்டர்பிரெட்டர் இடது மேல் மூலையில் தொடங்கி வலப்பக்கம் நகர்கிறது. 6-ஐ அடுக்கில் வைக்கிறது. அதன் மேல் 7. பெருக்கல் குறி வந்ததும் இரண்டையும் எடுத்துப் பெருக்கி 42-ஐ வைக்கிறது. புள்ளி அதைத் திரையில் அச்சிடுகிறது. கடைசிக் குறியில் ஓட்டம் நிற்கிறது. பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொன்னால்? மற்ற மொழிகள் பலவும் பிழைச் செய்தி காட்டும். மூல பிஃபஞ்ச் விதிப்படி, விடை என்னவாக இருக்க வேண்டும் என்று இன்டர்பிரெட்டர் நம்மையே கேட்க வேண்டும்! எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இது.

பெயரின் இரண்டாம் பிறவி 1998-இல். இருபரிமாணக் கட்டத்தை மற்ற பரிமாணங்களுக்கும் விரித்து ஃபஞ்ச்-98 என்ற வரையறை வந்தது. ஒரே வரியில் ஓடுவது யூன்ஃபஞ்ச், முப்பரிமாணத்தில் ஓடுவது ட்ரெஃபஞ்ச். நடுவில் இருப்பது பிஃபஞ்ச். அதாவது 'பி' என்றால் இரண்டாம், 'ஃபஞ்ச்' என்பது பகுதியாம்! நன்னூலார் பகாப்பதம் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஒன்றை, வேண்டுமென்றே பகுபதமாக்கிவிட்டார்கள். ஹாம்பர்க் என்ற ஊர்ப் பெயரில் பிறந்த ஹாம்பர்கரைத் தப்பாக வெட்டி, 'பர்கர்' என்ற துண்டைத் தனிச் சொல்லாக்கியதும் இதே வேலைதான். அங்கே அறியாமல் நடந்தது, இங்கே குறும்பு.

அந்தக் குறும்பு பாதி சரியாகவும் போய்விட்டது. 'பிஃபோர்' பழைய ஆங்கிலத்தில் 'பெஃபோரன்'. அதில் 'பெ' உண்மையாகவே முன்னொட்டு. 'ஃபோரன்' என்றால் முன்னே. 'பிசைடு', 'பிலோ' என்ற சொற்களின் தலையில் இருப்பதும் அதுவே. ஆக, வெட்டிய இடம் சரி, சொன்ன பொருள்தான் தவறு. அந்த 'பெ'க்கு அருகே, பக்கத்தில் என்ற பொருள் உண்டு. இரண்டைக் குறிக்கும் லத்தீன் 'பி'யோடு அதற்கு உறவே கிடையாது.

இப்போது கட்டத்தில் ஓடும் இவ்வகை மொழிகளையெல்லாம் இப்படிப்பட்ட விசித்திர மொழிகளின் ஆர்வலர்கள் 'ஃபஞ்சாய்டு' என்கிறார்கள். 'ஆய்டு' கிரேக்க விகுதி. 'போன்றது' என்று பொருள். எதைப் போன்றது என்று கேட்டால், விடியற்காலை நான்கு மணிக்கு அரட்டையில் இருந்தவரைத்தான் கைகாட்ட வேண்டும்.