எழுந்து நிற்க ஒரு கீல்

எழுதும் பிள்ளைக்கும் எழுந்து நிற்கும் பிள்ளைக்கும் ஒரே பெஞ்சு பொருந்தாது. எழுதும்போது பெஞ்சின் முன்விளிம்பு மேசை விளிம்புக்குக் கீழே சற்று உள்ளே தள்ளியிருக்க வேண்டும். அப்போதுதான் முதுகு சாய்மானத்தில் படியும், முகம் தாளின்மேல் கவிழாது. ஆசிரியர் வந்ததும் எழ வேண்டுமானால் அதே இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே கால் நுழைய இடம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவில் பள்ளி மேசை வடிவமைத்தவர்கள் இந்தச் சில சென்டிமீட்டர்களோடுதான் மல்லுக்கட்டினார்கள். அவர்களுள் ஃபியோதர் எரிஸ்மனை நான் உயர்வாக மதிக்கிறேன். அதுவரை பெஞ்சுக்கு ஏற்பப் பிள்ளைதான் வளைந்தது. பிள்ளையின் உடம்பை அளந்து அதற்கேற்ப மரத்தை அறுக்கும் பொறுப்பைப் பள்ளியின் தலையில் ஏற்றியவர்களில் அவர் முக்கியமானவர்.

இந்தப் பொறுப்புணர்வு கண் மருத்துவத்திலிருந்து வந்தது. பிரெஸ்லாவ் நகரத்தில் கண் மருத்துவர் ஹெர்மன் கோன் 10,060 மாணவர்களின் கண்களைச் சோதித்து 1867இல் முடிவுகளை வெளியிட்டார். கிராமப் பள்ளிகளில் நூற்றுக்கு 1.4 பேருக்குக் கிட்டப்பார்வை. படிப்பு ஏற ஏற அந்த எண்ணும் ஏறி, உயர்நிலைப் பள்ளிகளில் 26ஐத் தாண்டியது. சுவிட்சர்லாந்தில் பிறந்து, 1869இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குடியேறிய கண் மருத்துவர் எரிஸ்மன் அங்கே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சோதித்து அதே ஏற்றத்தைக் கண்டார். தாளின்மேல் கவிழ்ந்து படிப்பதும் இதற்கு ஒரு காரணம் என்று கருதி 1870 வாக்கில் அவர் வகுத்த மேசையில் மேற்பலகை சாய்வானது. பெஞ்சும் மேசையும் ஒரே சட்டத்தில் பிணைந்தவை, ஆகையால் பிள்ளை பெஞ்சைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கூனிக் கிடக்க முடியாது. உயரத்துக்கு ஏற்ற அளவுகளும் உண்டு. அப்படியானால் எழுவது எப்படி? பின்னாளில் பரவிய இரட்டை இருக்கை வடிவத்தில் அதற்கு விடை இருக்கிறது. மேற்பலகையில் பிள்ளையின் பக்கமுள்ள பாதி கீலில் மடங்கும். ஆசிரியர் நுழைந்ததும் அந்தப் பலகையைத் தூக்கி மடித்துவிட்டு, திறந்த இடைவெளியில் பிள்ளை நிமிர்ந்து நிற்கும். மருத்துவம் கேட்ட நெருக்கமும் வகுப்பின் மரியாதை கேட்ட இடைவெளியும் ஒரு கீலில் சமாதானமாகிவிட்டன. இவ்வளவு சின்னப் பொருளில் இவ்வளவு யோசனை அடங்கியிருப்பதை வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் வில்ஹெல்ம் ரெட்டிக் 1890களில் வேறு வழி போனார். அசையும் பாகங்கள் சத்தமிடும், உடையும், விரலை நசுக்கும். ஆகவே இருவர் மட்டும் உட்காரும் குறுகிய மேசையைச் செய்தார். எழுவதென்றால் ஆளுக்கொரு பக்கம் நடைபாதையில் இறங்கிவிடலாம். தரையைப் பெருக்க மேசையையே ஒரு பக்கமாகச் சாய்த்துவிடலாம். சிக்கல் அதே சிக்கல்தான்.

இந்த உழைப்பெல்லாம் தவறான நோயறிதலின்மேல் கட்டியது என்று இன்று வாதிடலாம். பிள்ளைகள் வெளியே பகல் வெளிச்சத்தில் செலவிடும் நேரம் கிட்டப்பார்வையைத் தடுக்க உதவுகிறது என்று இப்போதைய ஆய்வுகள் காட்டுகின்றன. கோனின் கிராமத்து எண்ணைக்கூட அப்படிப் படிக்க இடமிருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன், மேசை மட்டும் கண்ணைக் காத்திருக்காது. ஆனால் கால் தரையில் எட்டாமல் தொங்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஒரே நீளப் பெஞ்சு போதும் என்ற அலட்சியத்தை எதிர்க்கக் கண்நோய் ஒன்றுதான் காரணமாக வேண்டும் என்பதில்லை.

கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் கண்டனம் இதைவிட ஆழமானது. பிள்ளையை அசையவிடாமல் வைத்திருக்கும் இருக்கை எவ்வளவு அறிவியல்பூர்வமாக இருந்தாலும் அது அடிமைத்தனத்தின் கருவிதான் என்று அவர் கருதினார். பிணைப்பைப் பற்றி அவர் சொன்னது சரி. எரிஸ்மன் மேசையில் அந்தப் பிணைப்பு இருந்தது. ஆனால் 1907இல் ரோமின் சான் லொரென்சோவில் மாண்டிசோரி திறந்த குழந்தைகள் இல்லத்தைப் பாருங்கள். அங்கிருந்த மேசை நாற்காலிகளும் பிள்ளையின் உடம்புக்கேற்ற அளவில் செய்தவைதான். கூடுதலாக, பிள்ளை தானே தூக்கிப் போகும் அளவுக்கு லேசானவை. எழுந்து நிற்க அங்கே கீல் தேவைப்படவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளினால் போதும்.