பால்மரக்காட்டுப் பிள்ளைகளின் விடுதலைப் போர்: மலாயாத் தமிழ் இளைஞர்களும் இந்திய தேசிய இராணுவமும் (1938–1949)

முன்னுரை

ஓசூர் வட்டாரத்தின் விடுதலை வரலாறு பெரும்பாலும் ஒரே பெயரைச் சுற்றி எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜியின் பெயர் அது. 1930இல் வேதாரண்யம் உப்பு யாத்திரையை நடத்திய அவர், 1942இல் காங்கிரசை விட்டு விலகி 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சேராமல் நின்றார். அதற்கடுத்த ஆண்டே, கடலுக்கு அப்பால் இந்திய மண்ணைக் கண்ணால் காணாத தமிழ்ப் பிள்ளைகள் இந்திய விடுதலைக்காகத் துப்பாக்கி பிடித்துப் பழகினார்கள்.

ஓசூர் வட்டாரத்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை ஆகிய ஊர்கள் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1965இல் தருமபுரி மாவட்டமும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பின்னர் உருவாயின. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் திருச்சி, தஞ்சாவூரோடு சேலமும் உண்டு. ஆகவே அந்தப் பிள்ளைகளின் கதை இந்த வட்டாரத்துக்கு அயலான கதை அல்ல. அவர்களது போர் தோட்டத்து அவமானத்துக்கு எதிராகத் தொடங்கியது. இந்திய விடுதலைப் போராக வளர்ந்தது. மலாயாத் தொழிற்சங்க இயக்கமாகத் தொடர்ந்தது. இந்த வளர்ச்சியைத் தடம் பற்றிக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டத்தில் மூண்ட நெருப்பு

கங்காணி முறையில் போனவர்கள் சில ஆண்டுகள் பால்மரம் (ரப்பர்) வெட்டிவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். 1938 ஜூன் மாதத்தில், உதவி பெற்றுக் கூலித் தொழிலாளர் மலாயா செல்வதை இந்திய அரசு தடை செய்தது. போக்குவரவு குறைந்ததால் தோட்ட லயங்களில் பிறந்து வளர்ந்த தலைமுறை அங்கேயே வேரூன்றியது. சம்பளக் குறைவையும் துரை (வெள்ளைத் தோட்ட மேலாளர்), கிராணி (தோட்ட எழுத்தர்) ஆகியோரின் அதட்டலையும் தலைவிதி என்று ஏற்க அந்தத் தலைமுறை தயாராக இல்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தம் அதன் முதல் குரல். ஆர். எச். நாதன் முதலியோர் வழிகாட்டிய அந்தப் போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியல் நின்று படிக்கத் தக்கது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களைச் சீண்டுவதை நிறுத்துதல் ஆகியவற்றோடு இன்னொன்றும் அதில் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும். கூலி உயர்வுக்குச் சமமாகத் தன்மானமும் கேட்கப்பட்டது. அரசு நாதனை நாடு கடத்தியது; படையை இறக்கியது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

சிங்கப்பூரில் திரண்ட படை

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சரணடைந்த இந்தியப் படைவீரர்களிலிருந்து மோகன் சிங் அமைத்த முதல் இந்திய தேசிய இராணுவம் அவ்வாண்டு இறுதியிலேயே கலைந்தது. 1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தபின் படையின் இயல்பே மாறியது. குடிமக்களையும் அவர் படைக்கு அழைத்தார். அந்த அழைப்பை ஏற்றுப் புதிதாகச் சேர்ந்தோரில் தோட்டத் தமிழர்கள் பெருந்தொகையினர்.

சிறுவர் சிறுமியருக்குப் பாலர் சேனை அமைக்கப்பட்டது. 45 இளைஞர்கள் இராணுவ, விமானப் பயிற்சிக்காக டோக்கியோவுக்கு அனுப்பப்பட்டனர். பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. சென்னையில் மருத்துவம் படித்த லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவர். அப்போது அவருக்கு 28 வயது முடிந்து 29 தொடங்கும் தறுவாய்.

கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்த ஜானகி தேவருக்கு வயது 18. போஸின் உரையைக் கேட்டு நகைகளைக் கழற்றிக் கொடுத்தவர், தந்தையின் எதிர்ப்பையும் மீறிப் படையில் சேர்ந்து அதன் துணைத் தலைவராக உயர்ந்தார். ஈப்போவில் பிறந்த ராசம்மா நவரத்தினம் 16 வயதில் தன் அக்காள் பொன்னம்மாவுடன் சேர்ந்தார். இவர்களோடு ஒரே கூடத்தில் படுத்து, ஒரே சமையலை உண்டு, ஒரே அணிவகுப்பில் நடந்தவர்களில் பலர் பால்மரம் வெட்டிய பெண்கள். துப்பாக்கி சுடுதல், வரைபடம் படித்தல், இரவு நடை எல்லாம் அனைவருக்கும் பொது. சாதி பார்த்துப் பந்தி பிரித்த ஊர்களிலிருந்து போன குடும்பங்களின் பெண்களுக்கு அந்தப் பொதுச் சமையலே பெரிய மாற்றம்.

சேர்ந்த எல்லோரும் தேசப்பற்றால் மட்டுமே சேர்ந்தார்கள் என்று எழுதுவது வரலாறாகாது. சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஜப்பானியர் தோட்டத் தமிழர்களைப் பிடித்துச் சென்ற காலம் அது. 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதையில் பல்லாயிரம் தமிழர்கள் பட்டினியாலும் காலராவாலும் மாண்டார்கள். அந்தச் சாவிலிருந்து தப்பவும், வயிற்றுக்கு உணவு கிடைக்கவும் படையில் சேர்ந்தவர்கள் உண்டு. அதனால் அவர்களின் பங்கு குறைந்துவிடாது. கட்டாயக் கூலிக்கும் படைவீரன் என்ற மதிப்புக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவர்களுக்கு முதன்முறையாக அப்போதுதான் கிடைத்தது.

பர்மாவும் பின்வாங்கலும்

1944 மார்ச் முதல் ஜூலை வரை நடந்த இம்பால் படையெடுப்பு தோல்வியில் முடிந்தது. ராணிப் படையினர் போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. மேமியோ மருத்துவமனையில் காயமுற்றோரைப் பேணினார்கள். 1945 ஏப்ரல் 24 அன்று ரங்கூனை விட்டுப் போஸ் பின்வாங்கியபோது, ராணிப் படையின் ஓர் அணியை ஜானகி வழிநடத்தினார். குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பகலில் பதுங்கி, இரவில் ஆறு கடந்து நடந்த பயணம் அது. ராணிப் படையின் எண்ணிக்கை குறித்து ஆய்வாளர்கள் சில நூறு என்றும் ஆயிரத்துக்கு மேல் என்றும் வேறுபடுகிறார்கள். எந்தக் கணக்கை ஏற்றாலும், அக்காலத் தமிழ்ச் சமூகத்தில் இதற்கு ஈடான முன்மாதிரி இல்லை.

சீருடை கழன்ற பின்

களத்தில் தோற்ற போர் இரு நாடுகளில் விளைவு தந்தது. 1945 நவம்பரில் செங்கோட்டையில் தொடங்கிய இந்திய தேசிய இராணுவ வழக்கு இந்தியாவைக் கொதிக்கச் செய்தது. மலாயாவில் படை கலைந்து தோட்டம் திரும்பிய இளைஞர்கள் கற்ற ஒழுங்கைக் கைவிடவில்லை. 1946–47இல் கெடா தோட்டங்களில் உருவான தொண்டர் படை படைத்துறைப் பாணியில் அணிவகுத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்தது. 1946 ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடங்கியபோது ஜானகியும் அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர்.

தஞ்சை மண்ணில் பிறந்து இந்திய தேசிய இராணுவத்தில் இருந்த எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1949 மே 4 அன்று ஆங்கில அரசு அவரைப் புடு சிறையில் தூக்கிலிட்டது. இந்தியா விடுதலை பெற்று அப்போது ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஆகிவிட்டன. 1941இன் வேலைநிறுத்தத்திலிருந்து 1949இன் தூக்குமேடை வரை ஓடுவது ஒரே கோடு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முடிவுரை

இந்த இளைஞர்களை நேதாஜியின் பின்னே திரண்ட கூட்டமாக மட்டும் பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி. அவர்கள் போருக்குக் கொண்டுவந்தது தோட்டத்தில் பட்ட வலி. போரிலிருந்து கொண்டுபோனது அமைப்பாகத் திரளும் பயிற்சி. பழைய சேலம் மாவட்டத்தின் வட்டார வரலாற்றை எழுதுவோர் புலம்பெயர்ந்தோர் பதிவேடுகளையும், தியாகிகள் ஓய்வூதியக் கோப்புகளையும், வீடுகளில் எஞ்சியிருக்கும் மலாயாக் கடிதங்களையும் ஊர் ஊராகத் தேட வேண்டும். தொரப்பள்ளிக்கு உரிய இடம் வரலாற்றில் இருக்கிறது. பெயர் பதியப்படாமல் கப்பலேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அதே வரலாற்றில் இடம் தருவது நம் தலைமுறை ஆய்வாளர்களின் கடன்.