யூலை நான்காந் திகதி

பிலடெல்பியா நகரிற் கூடியிருந்த அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள், பிரித்தானிய முடியாட்சியினின்றும் விலகுவதென 1776 ஆம் ஆண்டு யூலை 2 ஆந் திகதி வாக்களித்தனர். வருங்காலச் சந்ததியார் அந்நாளையே பெருவிழாவாகக் கொண்டாடுவரென ஜோன் அடம்ஸ் தம் மனைவியார்க்கு எழுதினார். அவர் கணக்கு இரண்டு நாளாற் பிழைத்தது. சுதந்திரப் பிரகடனத்தின் வாசகம் ஏற்றுக்கொள்ளப்பட்ட 4 ஆந் திகதியே மக்கள் மனத்தில் நிலைத்தது. கையொப்பங்களிற் பெரும்பாலானவை ஓகஸ்ட் 2 ஆந் திகதியே இடப்பட்டன என்பது பலரும் அறியாத செய்தி.

மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என அப்பிரகடனத்தை எழுதிய தோமஸ் ஜெபர்சன், தம் வாழ்நாளில் 600 க்கு மேற்பட்ட அடிமைகளை உடையவராயிருந்தார். அடிமை வாணிபத்தைக் கண்டித்து அவர் எழுதிய பகுதியையோ பிரதிநிதிகள் நீக்கிவிட்டனர். யூலை 4 யாருடைய நாள் என்ற வினா அன்றே முளைத்துவிட்டது எனலாம்.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1826 ஆம் ஆண்டு யூலை 4 ஆந் திகதி, பிரகடனத்தின் பொன்விழா நாளில், வேர்ஜீனியாவிலுள்ள தம் இல்லத்தில் ஜெபர்சன் தமது 83 ஆம் வயதிற் காலமானார். அன்று மாலை மசாச்சுசெற்சில் 90 வயதினரான அடம்ஸும் கண்மூடினார். ஜெபர்சன் இன்னும் உயிரோடிருக்கிறார் என்று இறுதி வேளையில் அவர் கூறியதாகச் சொல்லுவர். நண்பர் சில மணி நேரத்துக்கு முன்னரே மறைந்துவிட்டதை அவர் அறியார். 1831 இல் மற்றொரு முன்னாட் சனாதிபதியான மொன்றோவும் இதே திகதியில் இறக்க, மக்கள் இதனைத் தெய்வச் செயலென்றே கருதினர்.

இவ்வதிசயத்தை விரித்துரைப்போர் அதன் பின்விளைவைக் கூறுவது அரிது. ஜெபர்சன் பெருங் கடனாளியாக இறந்தார். தம் அடிமைகளுள் ஐவரையே உயில்மூலம் விடுவித்தார். 1827 சனவரியில் ஏனையோருள் 130 பேர் ஏலத்துக்கு வந்தனர். தாயொருபுறம், பிள்ளையொருபுறமாகக் குடும்பங்கள் சிதறின.

அதே 1827 ஆம் ஆண்டு யூலை 4 ஆந் திகதி நியூயோர்க் மாகாணத்தில் அடிமைமுறை முடிவுற்றது. பத்தாண்டுகளுக்கு முன் இயற்றப்பட்ட சட்டம் அந்நாளைக் குறித்திருந்தது. எனினும் நியூயோர்க் நகரத்துக் கறுப்பின மக்கள் மறுநாளே ஊர்வலம் சென்றனர். விழா நாளில் வெள்ளையர் கூட்டம் தாக்கக்கூடுமென்ற அச்சமும் அதற்கொரு காரணம்.

1852 இல் ரொச்செஸ்ரர் நகரிற் பேச அழைக்கப்பட்டவர் பிரெட்றிக் டக்ளஸ். மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்து தப்பியோடி வந்தவர். அவரும் 5 ஆந் திகதியே மேடையேறினார். இவ்விழா உங்களுடையது, என்னுடையதன்று எனுங் கருத்தை அவையோர் முகம் நோக்கி உரைத்தார்.

1863 இல் உள்நாட்டுப் போரில், 47 நாள் முற்றுகையின் பின் மிசிசிப்பி ஆற்றங்கரைக் கோட்டையான விக்ஸ்பேர்க் நகரம் யூலை 4 ஆந் திகதி தளபதி கிராண்டிடம் சரணடைந்தது. அன்றே, கெற்றிஸ்பேர்க்கில் முறியடிக்கப்பட்ட தென்படையும் பின்வாங்கத் தொடங்கியது. 1865 இல் அரசியலமைப்பின் 13 ஆந் திருத்தம் அடிமைமுறையை நாடெங்கும் ஒழித்தது.

அமெரிக்கா பிலிப்பைன் தீவுகளுக்குச் சுதந்திரம் வழங்கியதும் 1946 யூலை 4 ஆந் திகதியே. தன் பிறந்தநாளையே பரிசாகக் கொடுத்தது போலும்! ஆனால் 1962 இற் பிலிப்பைன் அரசு அவ்விழாவை யூன் 12 ஆந் திகதிக்கு மாற்றிற்று. 1898 இல் அந்நாட்டவர் தாமே சுதந்திரம் பிரகடனஞ் செய்த நாள் அது.