அந்த ஐம்பது கிராமுக்கு யார் பணம்?



நாட்டின் உணவுப் பாதுகாப்புச் செலவை ஏற்க வேண்டியது அரசா, வணிகமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால பேசின சகோதரி, "விக்கிறவன்தானே லாபம் பாக்கிறான், அவனே கட்டட்டும்"னு ஒரே போடா போட்டு, கைதட்டலும் வாங்கிட்டாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன் ஐயா. விக்கிறவன்னா எந்த விக்கிறவன்?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில பாண்டிச்சேரிக்குப் போறவங்க மரக்காணத்தைத் தாண்டித்தான் போகணும். ரெண்டு பக்கமும் பாத்தி பாத்தியா உப்பளம். கார் கண்ணாடியை இறக்கி, "ஆகா, எவ்வளவு வெள்ளை!"ன்னு சொல்லிட்டுப் போயிடுவோம். அந்த வெள்ளைக்குப் பின்னால ஒரு பெரிய கணக்கு இருக்குங்க. இருநூறு வருஷத்துக் கணக்கு.

1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. விளைவிக்கிறவன் நம்ம ஆளு, விலை வைக்கிறவன் கம்பெனிக்காரன். பக்கிங்காம் கால்வாய்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதன் தென்முனை எங்க முடியுது தெரியுமா? இதே மரக்காணத்துல! உப்பும் விறகும் அந்த நீர்வழியாத்தான் படகுல பட்டணம் போச்சு.

அந்தக் கால்வாய்க்குள்ள ஒரு கண்ணீர்க் கதையும் இருக்கு. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் செத்தார்கள். அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற எட்டுக் கிலோமீட்டர் துண்டை அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். பசித்தவன் மண் சுமந்தால் கூலி. சரி, அரசாங்கம் ஏதோ செலவு பண்ணிச்சேன்னு நினைப்போம். அதே பஞ்சத்துக்கு நடுவுல, 1877 முடிகிற நேரத்தில், சென்னை மாகாணத்து உப்பு வரியை ஏத்தினாங்க. சுமார் 37 கிலோ கொண்ட ஒரு மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்தது, 2 ரூபாய் 8 அணா ஆச்சு. கூழுக்கு வழியில்லாதவன்கிட்ட, கூழுக்குப் போடுற உப்புக்கு வரி! வலது கையால கொடுத்து இடது கையால பிடுங்குறதுன்னா இதுதான்.

இன்னும் கேளுங்க. இன்னைக்கு நாம பேசற தலைப்பை வெள்ளைக்காரன் 1878லயே பேசிட்டான். இனிப் பஞ்சம் வந்தால் செலவுக்கு வேணும்னு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கத் திட்டம் போட்டு, அதற்காக வியாபாரிகள் மேல் லைசென்ஸ் வரி விதித்தார்கள். வணிகமும் பங்கு போடட்டும்ங்கிற எதிரணி வாதம்தான் அது! நல்ல யோசனைதானேம்பீங்க. அடுத்து ஆப்கன் போர் வந்தது. பஞ்சத்துக்கு ஒதுக்கின பணம் நின்னு போச்சு. வரி மட்டும் நிக்கல. (கைதட்டல்)

1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்ததும், 1947இல் உப்பு வரி ஒழிந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. அதை நான் நீட்டலை.

தெரியாத கதைக்கு வர்றேன். 1956இல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் ஒரு ஆய்வைத் தொடங்கினாங்க. அங்கே முன்கழுத்துக் கழலை வீட்டுக்கு வீடு. உப்பில் அயோடின் கலந்து கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் நோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அயோடின் குறைந்தால் பிறக்கிற பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும் தாய்மார்களே, சும்மா கழுத்து வீக்கம் மட்டுமில்ல. 1962இல் தேசியத் திட்டம் வந்தது. 1983இல் தனியார் தயாரிப்புக்கு வழி திறந்தது. அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்கக் கூடாதென்ற தடை ஒருமுறை போட்டு, 2000இல் நீக்கி, 2006 மே மாதம் மறுபடியும் வந்தது.

அயோடின் வேணும். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. என் சண்டை செலவைப் பத்தி.

ஒரு டன் உப்புக்கு வேண்டிய பொட்டாசியம் அயோடேட் சுமார் 50 கிராம். ஒரு டன்னுங்கிறது நாலு பேர் இருக்கிற குடும்பத்துக்கு அறுபது வருஷத்துக்கு மேல வரும்! நம்ம வீட்டு ரசத்துக்கு எத்தனை காசு விழும்? ஒண்ணுமே இல்லை. ஆனா அந்த ஐம்பது கிராமைச் சீராத் தெளிக்க இயந்திரம் வேணும், உலர்த்த வசதி வேணும், பாக்கெட் போடணும், சோதனைக்கூடம் வேணும். பெரிய கம்பெனிக்கு இது தூசு. குத்தகை நிலத்துல நாலு பாத்தி வச்சு, வாரின உப்பை அளத்து மேட்டுலயே வியாபாரிக்குப் போட்டுட்டு வர்ற மரக்காணத்து ஆளுக்கு? சட்டம் ரெண்டு பேருக்கும் ஒண்ணு. மழை வந்தா அவர் உப்பு கரையும், கம்பெனி பாக்கெட் கரையாது.

இப்ப அரிசியைப் பாருங்க. ரேஷன் அரிசியில இரும்புச்சத்து சேர்க்கிற திட்டத்தை 2028 டிசம்பர் வரை நீட்டித்து, 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை 17,082 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. முழுச் செலவும் மத்திய அரசுது! எந்த அரிசி ஆலைக்காரரையும் "உன் கைக்காசைப் போடு"ன்னு சொல்லலை. அரிசிக்கு ஒரு நியாயம், உப்புக்கு ஒரு நியாயமா ஐயா? ரெண்டும் ஒரே தட்டுலதானே விழுது?

அரசு நினைச்சா முடியும். 1974இல் தமிழ்நாடு உப்புக் கழகம் தொடங்கி, ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பு எடுத்து, ரேஷன் கடை வரைக்கும் கொண்டு வந்தாங்க. மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் 2022இல் தொடங்கினாங்க. அதே கையால மரக்காணத்துல பொதுவா ஒரு அயோடின் கலப்புக் கூடமும் சோதனைக்கூடமும் கட்டிக் கொடுக்கட்டும்.

வணிகத்தை நான் விட்டுடலை. 1953இல் உப்பு மேல்வரிச் சட்டம் வந்தது. 40 கிலோவுக்கு 14 பைசா. டன்னுக்கு மூணரை ரூபாய். உப்புத் துறைச் செலவுக்கும் தொழிலாளர் நலனுக்கும்னு சொல்லித்தான் வாங்கினாங்க. பிற்பாடு அதையும் எடுத்துட்டாங்க. பளபளன்னு பாக்கெட் போட்டு விக்கிற பெரிய கம்பெனிகள்கிட்ட மட்டும் அதைத் திரும்ப வாங்கட்டுமே! சகோதரி சொன்ன "விக்கிறவன்" அவங்கதான்னா, நான் இப்பவே எழுந்து அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துக்கறேன். (சிரிப்பு)

பலகையைப் பிடிச்சு உப்பு வாரி, கால் வெடிச்சு நிக்கிறவரும் அந்தக் கணக்குல உண்டுன்னா, நான் இங்கேயேதான் இருப்பேன். அவர் எந்தப் பக்கம்னு நடுவர் ஐயா சொல்லட்டும்.