தங்கவயலின் ஜலமும் காற்றும்

நுங்கம்பாக்கத்தில் கும்பினியார் 1792ஆம் ஆண்டில் கட்டிய நக்ஷத்திர பங்களாவுக்கு 1805 முதல் 1811 வரை தற்காலிக அதிபராக இருந்தவரும், தென்னாட்டுப் பஞ்சாங்கக் கணிதத்தைப் பயின்று பின்னாளில் ‘காலசங்கலிதம்’ என்னும் பெருநூலை எழுதியவருமான ஜான் வாரன், அந்தப் பதவிக்கு வருமுன் பட்டாளத்து லெப்டினன்டாக மைசூர் சமஸ்தானத்தின் கிழக்கெல்லையை அளந்து கொண்டிருந்தார் என்பதை நம்மூரில் நினைவு வைத்திருப்பவர்கள் சொற்பம். 1802இல் அந்த உத்தியோகத்தின் நிமித்தம் கோலார்ச் சீமையில் திரிந்தபோது, ஊரிகம், மாரிக்குப்பம் முதலிய கிராமங்களில் ஜனங்கள் மண்ணைக் கூடையில் வாரி வந்து, நீர் விட்டு அலசி, கடைசியில் தட்டின் அடியில் மின்னும் துகள்களைப் பொறுக்குவதைக் கண்டு, அதனைக் கும்பினிக்கு எழுதியனுப்பினார். பொன் இருக்கிறது என்பதை அவர் கண்டார். அதை அலசும் நீரைப் பற்றி அவர் மட்டுமல்ல, அவருக்குப் பின் அங்கே வந்த எவருமே வெகு காலம் சரியாக விசாரிக்கவில்லை என்பதே, பிற்பாடு தங்கவயல் என்று பெயர் பெற்ற அந்த ஸ்தலத்தின் சரித்திரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், கருங்கற் பாறையும் முட்புதரும் செம்மண்ணுமாகக் கிடக்கும் வறண்ட மேட்டுநிலம் அது. ஆண்டு மழை, நம் சென்னையில் பெய்வதில் பாதியளவு. வற்றாத நதி ஒன்றுமில்லை. அருகில் ஓடுவது பாலாறு, அதுவும் மழை பெய்தால் மட்டும் ஆறு. 1875இல் மைக்கேல் லவெல் மைசூர் அரசினரிடம் சுரங்க உரிமை பெற்றதும், 1880இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்திறங்கியதும் இந்தப் பூமியில்தான். ஆவி எந்திரங்களுக்கு விறகு வேண்டும். அதற்குச் சுற்றுவட்டாரக் காடு போயிற்று. அந்தக் குறையைத் தீர்க்கவே, சுமார் 147 கிலோமீட்டர் தூரத்திலிருக்கும் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து 1902இல் மின்சாரம் கம்பி வழியே வந்தது. பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிய 1905 ஆக வேண்டியிருந்தது என்றால், ராஜதானிக்கு முன்பே சுரங்கத்துக்குக் கிடைத்த மரியாதையை வாசகர் ஊகித்துக் கொள்ளலாம். தண்ணீருக்குப் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியை நாடினார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பாலாற்றின் கீழ்ப்புறத்தில், வடஆர்க்காட்டு வறட்சிக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பிப் பிழைக்கப் புறப்பட்ட தமிழ் ஜனங்கள், சுரங்க வேலை தேடி அந்த ஆற்றின் தலைமாட்டை நோக்கியே ஏறிப்போய், மூங்கில் தட்டி வீடுகளிலும், பிற்பாடு ‘லைன்’ என்று வழங்கிய வரிசைக் குடியிருப்புகளிலும் வாழ்ந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் இராயப்பேட்டையிலிருந்து நடத்திய ‘தமிழன்’ பத்திரிகைக்கு மாரிக்குப்பத்தில் இந்த ஜனங்களிடையே ஆர்வமுள்ள வாசகர்கள் இருந்தார்கள். அவர் காலத்துக்குப் பின் அப்பத்திரிகை தங்கவயலிலேயே மறுபிறவி எடுத்தது. சென்னைக்கும் அந்த மேட்டுக்கும் பொன்னைவிட உறுதியான சம்பந்தம் இதுதான்.

பாறையை அரைத்து, பாதரசம் பூசிய செப்புத் தகட்டில் ஓட்டிப் பொன்னைப் பிடிப்பது ஆதி முறை. அதில் தப்பிய பொன்னைச் சயனைடு நீரில் கரைத்தெடுக்கும் உபாயம் 1890களில் வந்த பிறகு, எஞ்சிய சக்கை மண்ணை வெளியே கொட்டிக் கொட்டி ஊருக்கு நடுவே மலைகளே எழும்பிவிட்டன. ‘சயனைடு மலை’ என்றே ஜனங்கள் சொல்கிறார்கள். அந்த மண்ணைக் கையிலெடுத்தால் மாவைப் போல விரலிடுக்கில் வழியும். மேலே புல் பூண்டு அரிது. மழையில் சரிவெல்லாம் வாய்க்கால் வாய்க்காலாக அறுந்திருக்கும். ஆடிக் காற்று கிளம்பிற்றானால் வெண்புழுதி லைன் வீடுகளின் கூரையிலும் சோற்றுப் பானையிலும் படியும். சுரங்கமோ மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போய், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. அடைபட்ட குழிகளில் ஜலம் நிரம்பிற்று. மேட்டின் மண் அப்படியே நின்றது.

இப்போது அந்த மண்ணுக்கே கிராக்கி வந்திருக்கிறது. மிச்சமிருக்கும் பொன்னுக்காக 13 குவியல்களையும் மறுபடி தோண்ட மத்திய அரசு கருதிய யோசனைக்கு, 2024ஆம் ஆண்டு ஜூனில் கர்நாடக மந்திரிசபை சம்மதம் தந்தது. லவெலின் நாளில் எவரும் கேட்காத கேள்விகளை இன்றைய சட்டம் கேட்கிறது: காற்றெப்படி, நீரெப்படி, மண்ணெப்படி, ஜனங்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிமுறையின்கீழ், மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்து அளவைகளைக் கொண்டே பெரும்பாலும் அறிக்கை தயாராகிவிடுகிறது. இந்த மேட்டிலோ, புழுதியை வீட்டுக்குள் கொண்டுவருவது ஆடிக் காற்று. சயனைடு மலையின் மண்ணைக் கரைத்து ஓடைகளுக்கும் ஏரிகளுக்கும், அவற்றின் வழியே பாலாற்றுக்கும் அனுப்புவது புரட்டாசி ஐப்பசி மழை. மாசியில் போய் வைக்கும் அளவுகோலில் இவ்விரண்டும் அகப்படா.